அமுக்கம் கூடிய துவக்கு பற்றி ஏர்னஸ்ற் சித்தப்பாவுக்கு

பலேர்மோ
9.3.1996, சனி

இயேசு மரி சூசை.

பேரன்புக்குரிய ஏர்னஸ்ற் சித்தப்பாவுக்கு, றெஜி எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நான் இங்கே உயிரோடும், இரண்டு கண்ணோடும், ஒன்றரைக் காதோடும் இருக்கிறேன். நீங்களும் சித்தியும் கொட்டாஞ்சேனையில் இதைவிட முழுமையாக இருக்கவேண்டும் என்பது என் மன்றாட்டு. அரைக் காது எங்கே போனது என்பது கீழே விளங்கும்.

உங்கள் தை மாதக் கடிதம் கிடைத்தது. “உன்ரை கடிதம் தந்தி மாதிரிக் கிடக்கு. சுகம், வேலை, மழை எண்டு மூண்டு சொல்லு. முப்பது வருசம் தபாற்கந்தோரிலை இருந்தவனுக்கு இப்பிடியோ எழுதுறது” என்று கேட்டிருந்தீர்கள். சரி. விபரமாக எழுதுகிறேன். விபரம் முழுவதும் ஒரு துவக்கைப் பற்றியது. பயப்பட வேண்டாம். வேட்டைத் துவக்கு. ஒரு கிழவருடையது. கடிதமும் தபாலில் வராது. நாளைக்குக் கொழும்புக்குப் புறப்படும் சிஸ்ரர் எமிலியானாவின் பையில், செபமாலைகளுக்குக் கீழே வரும். அவருடைய பையை எந்தச் சாவடியிலும் திறப்பதில்லையாம். அப்படியும் திறந்தால், திறக்கின்ற ஐயா அவர்களே, உங்களுக்கும் என் வணக்கம். தயவுசெய்து இறுதிவரை வாசிக்கவும். பாதியில் நிறுத்தினால் சித்தப்பாவுக்குத்தான் கஷ்டம்.

நிலைமை இதுதான். இந்த நாட்டு அரசாங்கம் இந்த முறை கடதாசி இல்லாதவர்களுக்குக் கடதாசி கொடுக்கிறது. பெர்மெசோ என்று பெயர். இருக்கலாம் என்கிற அனுமதி. வேலை கொடுப்பவர் ஒரு படிவத்தில் கையெழுத்திட வேண்டும். அதைக் கொண்டு மார்ச் முடிவதற்குள் குவெஸ்தூராவுக்கு, பொலிஸ் கந்தோருக்கு, போகவேண்டும். ஏப்ரல் முதலாம் தேதி கதவு மூடும். அதற்குப் பிறகு நான் மறுபடியும் இல்லாதவன்.

என்னோடு இன்னொருவர். நாகபூசணி அக்கா. நயினாதீவு. நாள்தோறும் நகரத்தின் சீசாப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வந்து இந்த வீட்டில் சமைத்துத் துடைத்துவிட்டுப் போகிறவர். வவுனியா முகாமில் அவருக்கு துசானி என்று ஒரு மகள். ஏழு வயதில் விட்டுவிட்டு வந்தது. இப்போது பதின்மூன்று. பெர்மெசோ கிடைத்தால் அக்கா போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பலாம். கிடைக்காவிட்டால் போகலாம், திரும்ப முடியாது. அல்லது இருக்கலாம், பார்க்க முடியாது. அக்கா ஒருநாளும் இதை இப்படிச் சொன்னதில்லை. பஸ் தரிப்பில் நிற்கும்போது அவர் முகத்தைப் பார்த்து நான் விளங்கிக்கொண்டது.

கையெழுத்திட வேண்டியவர் அவ்வொகாத்தோ குஜீனோ. அவ்வொகாத்தோ என்றால் வழக்கறிஞர். எழுபத்தெட்டு வயது. மனைவி இல்லை. நான் சமையலறைக்குப் பின்னாலுள்ள அறையில் படுத்து, அவருக்கு மருந்து கொடுத்து, முதுகு தேய்த்து, சப்பாத்துக் கட்டிவிடுகிறவன். இரண்டு படிவங்களும் மாசிக்கு முன்பிருந்தே அவருடைய மேசையில் இருக்கின்றன. பறக்காமலிருக்க அவற்றின் மேல் துவக்கின் ரவைப் பெட்டியை வைத்திருக்கிறார். நான் இரண்டு தடவை கேட்டேன். இரண்டு தடவையும் ஒரே பதில்.

“ரேஜி, ஒரு வழக்கு முடியாமல் அடுத்த கோப்பைத் திறக்கிற பழக்கம் எனக்கு இல்லை. முதலில் துவக்கு.”

முதலில் துவக்கு. எங்கள் ஊரிலும் அப்படித்தான்.

துவக்கு கடையில் வாங்கியதல்ல. அல்பெர்கேரியாவில் ஒரு சந்துக்குள் பட்டறை வைத்திருக்கும் மாஸ்த்ரோ தானோ பதினொரு மாதம் இருந்து செய்தது. குழல் ஒரு தேசம், அதன் பின்வாயைப் பூட்டுகிற போல்ற் இன்னொரு தேசம், கட்டை இந்த மலைகளில் நின்ற ஒரு வாதுமை. அவ்வொகாத்தோவின் தோளுக்கு அளவெடுத்து, என் சப்பாத்துக்குக்கூட அப்படி ஒருவரும் அளவெடுத்ததில்லை, அத்தனை கவனமாகச் செய்தார். ரவை மட்டும் தொழிற்சாலை ரவை. முன்பெல்லாம் அவ்வொகாத்தோ தானே மருந்து அளந்து ரவை செய்வாராம். இப்போது கை நடுங்குகிறது. எனவே பெட்டியில் வருவது.

தை மாதம், ஒரு சனிக்கிழமை. மலைப்பக்கத்திலுள்ள அவருடைய ஒலிவ் தோட்டத்தின் பின்னால் ஒரு கைவிட்ட கல்லுக்குழி. நான் பெட்டியையும் பாயையும் கொப்பியையும் காவிக்கொண்டு பின்னால் போனேன். அவர் படுத்தார். நான் பக்கத்தில் குந்தினேன். துவக்கு ஒன்றின் பின்பக்கத்தில் நான் நின்றது அன்றைக்குத்தான் முதல் தடவை. அதுவரை நான் மறுபக்கத்து ஆள்.

அவர் சுட, சத்தம் போய்க் கல்லில் மோதித் திரும்பி வந்து என் இடது காதுக்குள் குடியேற, அவர் சுட்ட ரவையின் வெற்றுக் கோதை வெளியே எடுக்கப் போல்ற்றை உயர்த்த, போல்ற் வரமாட்டேன் என்று நிற்க, அவர் முக்க, பிறகு என்னைக் கூப்பிட, நான் முழங்காலை ஊன்றி இழுக்க, அதற்கும் வராமல், கடைசியில் ஒலிவ் கொப்பு ஒன்றை முறித்து அதாலே தட்டித்தான் திறந்தோம் சித்தப்பா, திறந்து கோதைக் கையில் எடுத்தால் அடியில் இருக்கிற சின்ன மூடி, பற்றவைக்கிற மூடி, நெற்றியில் குட்டு வாங்கியதுபோலத் தட்டையாகிக் கிடந்தது, பித்தளையில் போல்ற்றின் முகம் அச்சாகப் பதிந்திருந்தது, அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு “அமுக்கம்” என்றார், “அளவுக்கு மீறிய அமுக்கம்.”

எனக்குத் தெரியும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இரண்டு வருடம் பௌதிகவியல் படித்தேன் என்பது உங்களுக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது. சரித்திரம் படித்தேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன். இலங்கைத் தமிழன், இருபத்தாறு வயது, வெடிமருந்தின் அமுக்கம் பற்றிப் பேசுகிறான். குவெஸ்தூராவில் இதற்கு மேல் ஒரு கேள்வியும் கேட்கமாட்டார்கள். எனவே அவர் எனக்குப் பாடம் நடத்தினார். நான் வாயைத் திறந்தபடி கேட்டேன். ரவை வெடித்தால் உள்ளே காற்றுப் பெருகும். அதுதான் சன்னத்தை முன்னால் தள்ளுவது. ஆனால் காற்றுக்கு முன் பின் தெரியாது. அதே அளவு பின்னாலும் தள்ளும். பின்னால் இருப்பது போல்ற். போல்ற்றுக்குப் பின்னால் அவ்வொகாத்தோவின் கண். அந்தக் கண்ணுக்குப் பின்னால், இதை அவர் சொல்லவில்லை, இரண்டு கையெழுத்துகள்.

விசாரணை தொடங்கியது. அவர் எல்லாவற்றையும் விசாரணையாகத்தான் செய்வார். கொப்பியில் நான் எழுதவேண்டும். முதலாம் எதிரி, ரவை. இரண்டாம் எதிரி, துவக்கு. மூன்றாம் எதிரி, காலநிலை. காலநிலையை எப்படி மன்றுக்கு அழைப்பது என்று கேட்டேன். எழுது என்றார்.

முதலாம் எதிரிக்காக வேறு கடையில் புதுப்பெட்டி வாங்கினோம். வாங்கிய அன்றே, வியாழக்கிழமை, கல்லுக்குழிக்குப் போனோம். போகும் வழியில் மாஸ்த்ரோ தானோ குழலைத் துடைத்துக் கொடுத்தார். ஐந்து ரவை. ஐந்தும் வெண்ணெய். போல்ற் ஒரு விரலுக்கு வந்தது. அவ்வொகாத்தோ சிரித்தார். பழைய பெட்டி குற்றவாளி என்று தீர்ப்பு எழுதினேன். சனிக்கிழமை அதே புதுப்பெட்டியில் மிச்சத்தைக் கொண்டுபோனோம். முதல் ரவையிலேயே போல்ற் இறுகியது. அதே பெட்டி. அதே துவக்கு. அதே கிழவர். இரண்டு நாள் வித்தியாசம். தீர்ப்பை வெட்டினேன்.

அன்றிலிருந்து கல்லுக்குழிக்குப் போகும்போது ஒரு மரச்சுத்தியலும் கொண்டுபோனோம். சமையலறைச் சுத்தியல். இறைச்சி தட்டுவது.

“தம்பி, இறைச்சி தட்டுற கட்டையைக் கண்டனியே?”

“அது துவக்கோடை போட்டுது அக்கா.”

“துவக்காலை இறைச்சி தட்டுறதெண்டா வேட்டைக்குப் போகவேணுமே. இவர் என்ன வீட்டு இறைச்சியைக் கொண்டுபோய்ச் சுடுறாரோ?”

அக்கா முகத்தை மாற்றாமல் பகிடி விடுவார். வெள்ளிக்கிழமை. அடுப்படியில் நின்று கதவுக் கைபிடிகளைத் துலக்கிக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமைகளில் இந்த வீட்டில் பித்தளை எல்லாம் மினுங்கும். சீசாவில் அவர் வாடகைக்கு இருக்கும் அறையில் சாமிவிளக்கேற்ற வீட்டுக்காரி விடுவதில்லை. வெள்ளிதோறும் விளக்குத் துலக்கிப் பழகிய கை சும்மா இருக்காது.

இரண்டாம் எதிரியின் முறை. மாஸ்த்ரோ தானோவை வீட்டுக்கு அழைத்தார். மாஸ்த்ரோவுக்கும் எழுபது இருக்கும். நகத்துக்குள் எப்போதும் கறுப்பு. அவர் பேசுவது சிசிலியன். என் காதில் அது மன்னார்த் துறையில் மீன் கூறுகிற தமிழாகத்தான் விழுகிறது. அப்படியே எழுதுகிறேன்.

“உன் அறை இறுக்கம் தானோ. ரவை உட்கார இடம் போதாது. கொஞ்சம் வெட்டிக் கொடு” என்றார் அவ்வொகாத்தோ.

“நான் அளந்துதான் வெட்டினனான். இன்னுமொருக்கா அளந்தும் போட்டன். மயிரளவும் பிழையில்லை.”

“பிறகு ஏன் இறுகுகிறது?”

“அதை ரவை செய்தவனைக் கேளுங்கோ.”

“ரவை செய்தவன் இலட்சம் செய்கிறான். நீ ஒன்று செய்தாய்.”

“ஒண்டு செய்தவனுக்குத்தான் அந்த ஒண்டைத் தெரியும்.”

மாஸ்த்ரோ துவக்கைக் கொண்டுபோனார். நாலு நாள் வைத்திருந்து, கழுவித் துடைத்துக் கொண்டுவந்து தந்தார். ஒன்றும் வெட்டவில்லை என்றார். வியாழன் இன்னொரு புதுப்பெட்டியில் சுட்டோம். வெண்ணெய். சனி சுட்டோம்.

அந்தச் சனியைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை. விபரமாக எழுது என்றீர்கள். மூன்றாவது ரவையில் சத்தம் வேறு விதமாக வந்தது. இரண்டாகப் பிளந்த சத்தம். சின்ன மூடி துளைபட்டு, காற்றுப் பின்பக்கமாக வந்து, அவருடைய கன்னத்தில் கறுப்பாக ஒரு கோடு கீறியது. கண்ணாடி தடுத்தது. கண்ணாடி இல்லை என்றால் கண் இல்லை. அவர் பாயில் குப்புறப் படுத்தபடி அசையாமல் இருந்தார். நான் குந்தியபடி அசையாமல் இருந்தேன். ஒரு நிமிடம். நான் அந்த நிமிடத்தில் என்ன நினைத்தேன் என்பதை ஒளிக்க மாட்டேன். ஐயோ மனிதன் என்று நினைக்கவில்லை. இன்னும் கையெழுத்து வைக்கவில்லை என்று நினைத்தேன். அதற்குப் பிறகுதான் மனிதன்.

அவர் தலையைத் தூக்கினார். மூக்கைச் சுருக்கினார்.

“யார் பொரிக்கிறார்கள்?” என்றார்.

கல்லுக்குழியைச் சுற்றி மூன்று மைலுக்கு வீடு கிடையாது. ஆனால் பொரியல் மணம். எனக்கும் வந்தது. தேங்காயெண்ணெய் காய்ந்து வடை விழுகிற மணம். துவக்கின் வாயிலிருந்தும் போல்ற்றின் இடுக்கிலிருந்தும் வந்தது. எனக்குப் பசித்தது. ஒருவர் கன்னம் கருகிக் கிடக்கிறார், எனக்குப் பசிக்கிறது. வெட்கமாக இருந்தது. பசிக்கு அடுத்ததாகத்தான் விளங்கியது. சனி இறுகும். வியாழன் இறுகாது. நடுவில் வெள்ளி.

அடுத்த வெள்ளிக்கிழமை கதவிடுக்கால் பார்த்தேன். நாகபூசணி அக்கா மேசையிலிருந்த ரவைப் பெட்டியைத் தூக்கினார். கீழேயிருந்த படிவங்களைப் பார்த்தார். கையெழுத்து இருக்கிறதா என்று. இல்லை. தன்னுடைய பெயர் எழுதிய இடத்தில் விரலை வைத்தார். பிறகு பெட்டியைத் திறந்து ரவைகளை ஒவ்வொன்றாக எடுத்து, பல்லரோச் சந்தையில் வாங்கிய பழப்புளியால் துலக்கி, ஈரம் ஒற்றி, களிம்பு பிடியாமலிருக்க உள்ளங்கையில் தேங்காயெண்ணெய் தொட்டு மேலே பூசி, திரும்ப அடுக்கினார். இருபதும் பொன்னாக மினுங்கின. தன்னுடைய கடதாசியின் மேல் இருக்கிற பொருள் களிம்போடு இருக்கக் கூடாது என்பது அவருக்கு. வேறொன்றுமில்லை.

இனிப் பௌதிகவியல், சுருக்கமாக. வெடிக்கும்போது பித்தளைக் கோது விரிந்து அறையின் சுவரை இறுகப் பற்றிக்கொள்ள வேண்டும். அந்தப் பற்றுத்தான் பாரத்தில் ஒரு பங்கைத் தாங்குவது. எண்ணெய் பூசியது பற்றாது, வழுக்கும். பாரம் முழுவதும் போல்ற்றில் விழும். அதோடு தேங்காயெண்ணெய் இந்தக் குளிரில் உறைந்துவிடும். போன ரவையின் பூச்சு அறையின் கழுத்தில் வெள்ளையாகத் தேங்கி, அடுத்த ரவைக்கு இடத்தைக் குறைக்கும். கழுத்து விரிய இடமில்லாவிட்டால் கோது சன்னத்தை விடாது. விடாவிட்டால் அமுக்கம் ஏறும். இரண்டு வருடம் படித்ததற்கு இதுவே முதல் பயன். ஒருவருக்கும் சொல்ல முடியாத பயன்.

ஏன் சொல்ல முடியாது என்று கேட்பீர்கள். அவ்வொகாத்தோவுக்குச் சொன்னால், முதலாவது, எனக்கு எப்படித் தெரியும் என்பார். இரண்டாவது, அக்கா போய்விடுவார். எங்களுக்கு முன் இந்த வீட்டில் வேலை செய்த பெண்ணை, நின்றுபோன மணிக்கூட்டுக்குச் சாவி கொடுத்ததற்காக நிறுத்தியவர் அவர். மணிக்கூடு ஓடியது என்பது குற்றம். சரி, அக்காவுக்காவது சொல்லலாமே என்பீர்கள். அக்காவை உங்களுக்குத் தெரியாது. போன வருடம் ஒரு கோப்பை உடைந்தது. அப்படி ஒரு கோப்பை வீட்டில் இருந்ததே அவ்வொகாத்தோவுக்குத் தெரியாது. அக்கா துண்டுகளை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு போய் அவருடைய கதவைத் தட்டி, அழுதுகொண்டு நின்றார். இத்தாலியனில் அவருக்குப் பதினொரு சொல் தெரியும். அதில் ஒன்றும் கோப்பை இல்லை. அக்காவுக்குச் சொன்னால் அவர் ரவையை ஏந்திக்கொண்டு போவார். வவுனியாவில் துசானிக்கு வயது பதின்மூன்றிலிருந்து ஏறிக்கொண்டே போகும்.

எனவே நான் வாய் திறக்கவில்லை. அன்று அக்கா நாலு மணிக்குப் பஸ்ஸுக்குப் போனதும், இங்கே யன்னல் துடைக்கிற றோசா நிற ஸ்பிரிட்டை எடுத்தேன். இருபது ரவையையும் துடைத்தேன். ஒரு குச்சியில் சீலை சுற்றி அறையைத் துடைத்தேன். சீலையில் வெள்ளையாக வந்தது. மறுநாள் அவ்வொகாத்தோ கன்னத்தில் பிளாஸ்ரரோடு படுத்துச் சுட்டார். ஒவ்வொரு தடவையும் சுட முதல் நான் கண்ணை மூடினேன். ஐந்து ரவை. ஐந்தும் வெண்ணெய். அடுத்த வெள்ளியும், அதாவது நேற்றும், அப்படியே அக்கா பூச, நான் துடைத்தேன். ஒருவர் பூசுவதும் ஒருவர் துடைப்பதுமாக ஒரு வீட்டில் இரண்டு பேருக்கு வேலை. இன்றைக்குக் காலையில் பத்து ரவை. பத்தும் நன்று.

மத்தியானச் சாப்பாட்டில் அவ்வொகாத்தோ எங்கள் இருவரையும் அழைத்துத் தீர்ப்புச் சொன்னார். இரண்டாம் எதிரி குற்றவாளி. தானோ இரகசியமாக அறையை வெட்டியிருக்கிறான், ஒப்புக்கொள்ள வெட்கம். நாளை ஞாயிறு கல்லுக்குழியில் அவருடைய பழைய நண்பர்கள் நாலு பேரோடு இலக்குப் போட்டி. இருபது வருடமாக நடக்கிறது. அது மரியாதையோடு முடிந்தால், திங்கள் காலை இரண்டு படிவத்திலும் கையெழுத்து. நான் தமிழில் சொன்னேன். அக்கா வாயைச் சேலைத்தலைப்பால் மூடிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

பின்னேரம் போட்டிக்காரர்களின் சாப்பாட்டுக்கு இறைச்சி வாங்கப் பல்லரோவுக்குப் போனேன். மாஸ்த்ரோ தானோ கூனிப்போய் ஒரு மீன் தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். என்னைக் கண்டதும் கையைப் பிடித்தார்.

“பொடியா, நீ பக்கத்திலை நிண்டனி. அந்தாள் எல்லா இடமும் சொல்லித் திரியுது, தானோ பிழையா வெட்டிப்போட்டு ஒளிச்சுத் திருத்தினவன் எண்டு. நாப்பது வருசத் தொழில். நான் திருத்தேல்லை. திருத்த ஒண்டும் இருக்கேல்லை. நீ கண்டனிதானே?”

எனக்கு எல்லாம் விளங்கியது.

“விளங்கேல்லை மாஸ்த்ரோ” என்றேன்.

விளங்காதவன் என்பது இந்த நாட்டில் என்னிடமுள்ள ஒரு சட்டை. குளிருக்குப் போடுவது. மாஸ்த்ரோ கையை விட்டார். விட்ட கை கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. நான் ஒன்றரைக் கிலோ இறைச்சியோடு நடந்து வந்தேன். ஒரு கிழவருடைய நாற்பது வருடத்தைக் கொடுத்து இரண்டு கையெழுத்தை எடுக்கிறேன். கணக்குச் சரியா என்று தெரியவில்லை. ஆனாலும் சித்தப்பா, யோசித்துப் பார்த்தால், இந்த நாட்டில் நான் செய்த ஒரே நல்ல காரியம் இந்த மௌனம்தான் என்று படுகிறது. ஒருவரும் வேலை இழக்கவில்லை. ஒருவரும் கண் இழக்கவில்லை. அக்காவுக்குத் தன்னால் என்ன நடந்தது என்பதே தெரியாது. இனித் தெரியவும் வேண்டாம். பேசியிருந்தால் எல்லாம் கெட்டிருக்கும். பேசாமலிருந்ததால் எல்லாம் சரிவந்தது. இதை ஒருவருக்காவது சொல்லவேண்டும் போல இருந்தது. அதுதான் இவ்வளவு நீளம்.

சித்தியை முழங்காலுக்கு எண்ணெய் பூசச் சொல்லவும். எழுதிவிட்டுப் பார்க்கிறேன், மறுபடியும் எண்ணெய். இருந்தாலும் பூசச் சொல்லவும். வீட்டிலுள்ள பெரியவர்களுக்கு என் பணிவும் சின்னவர்களுக்கு என் முத்தமும். மடு மாதா உங்கள் படலையைக் காக்கட்டும். இடையில் திறந்து வாசித்த ஐயா அவர்களே, நீங்களும் பிள்ளைகுட்டிகளோடு சுகமாக இருக்கவும். பார்த்தீர்கள்தானே, வேட்டைத் துவக்கு.

திங்கட்கிழமை முதல் கடதாசியுள்ள மகன்,
றெஜி

பி.கு.
ஞாயிறு காலை, எட்டரை. சிஸ்ரர் எமிலியானா கடிதத்துக்காக வாசலில் நிற்கிறார். எனவே விரைவாக எழுதுகிறேன். மேலே மௌனத்தைப் பற்றி எழுதிய பந்தி முழுவதையும் வெட்டிவிடவும்.

அக்காவுக்கு இன்று லீவு. ஆனாலும் போட்டிச் சாப்பாடு கட்ட வந்திருக்கிறார். சற்றுமுன், உரித்த உள்ளி கையில் இருக்க, தானாகவே சொன்னார்.

“தம்பி, நேற்று நீ இறைச்சிக்குப் போன நேரம் நான் சும்மா இருக்கேல்லை. மனுசன் கையெழுத்து வைக்கிறன் எண்டு சொல்லிப்போட்டார். நாங்கள் என்னத்தைக் குடுக்க? புதுசா வந்த ரெண்டு பெட்டியையும் நல்லாத் துலக்கி வைச்சன். வழமையை விடக் கூட எண்ணெய். துவக்கு வைக்கிற கண்ணாடி அலுமாரியும் திறந்துதான் கிடந்தது. துவக்கின்ரை உள்ளுக்கும் கோழிச்செட்டையாலை தொட்டுத் தொட்டு விட்டன். நாலு பேருக்கு முன்னாலை சோக்காத் தெரியட்டும்.”

நான் ஒரு கதிரையில் இருந்தேன். பிறகு சொன்னேன். எல்லாவற்றையும். வெள்ளி, சனி, வெள்ளைச் சீலை, கன்னத்துக் கோடு. இரண்டு கிழமையாகச் சொல்லாததை ஒரு நிமிடத்தில்.

அக்கா அழவில்லை. உள்ளியைக் கீழே வைத்தார்.

“ஏன் எனக்கு முதலே சொல்லேல்லை?”

“நீங்கள் போய் அவருக்குச் சொல்லுவியள் எண்டு.”

“ஓம். சொல்லியிருப்பன். அவற்றை கண்ணல்லோ.”

கண்ணாடி அலுமாரிக்கு ஓடினேன். காலி. துவக்கு ஏற்கனவே உறைக்குள். உறை அவருடைய அறையில். பெட்டிகளும் அங்கே. உள்ளே சவரம் செய்கிற சத்தம். ஒன்பதுக்குக் கார் வருகிறது. ஸ்பிரிட் போத்தலோடு நான் அந்தக் கதவுக்குள் களவாகப் போக வழியில்லை. படிவங்கள் மேசையில் கிடக்கின்றன. மேலே பாரம் எதுவும் இல்லை. யன்னல் காற்றுக்கு நுனி எழும்பி எழும்பி விழுகிறது.

திரும்பி வந்தால் அடுப்படியில் அக்கா இல்லை. இப்போது நான் இதை எழுதுகிற மேசையிலிருந்து நடை தெரிகிறது. அவர் போகிறார். ஒரு கையில் தேங்காயெண்ணெய்ப் போத்தல். மற்றக் கையில் ஒரு ரவை. ஒன்றைத் தனக்கென்று எடுத்து வைத்திருந்திருக்கிறார், மினுக்கம் பார்க்க. கதவுக்கு முன்னால் நின்று சேலையைச் சரிசெய்கிறார்.

அக்காவுக்கு இத்தாலியன் தெரியாது. அவ்வொகாத்தோவுக்குத் தமிழ் தெரியாது. நடுவில் நான். பூசியது யார் என்பதை நான்தான் சொல்லவேண்டும். போத்தல் அவருடைய கையில் இருந்தாலும், என் வாயிலிருந்து வருவதுதான் நடந்தது. இரண்டு படிவத்தில் ஒன்றாவது, அக்காவுடையது, கையெழுத்தாகும்படி சொல்லத் தெரியும். மாஸ்த்ரோவின் பெயரும் மீளும்படி.

சிஸ்ரர் மணியை அடிக்கிறார். அக்கா கதவைத் தட்டுகிறார், ரவையால்.

மொழிபெயர்க்கப் போகிறேன்.

றெஜி